பனி விடுமுறையில் ஒரு தீ ஒத்திகை

தாளை எடுத்து, விளிம்பை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, துளைக் கருவிக்குள் செருகி, உள்ளங்கையால் ஒரே அமுக்கு. மூன்று துளை. தாள் கோப்பின் வளையத்தில் ஏறியது. அடுத்த தாள். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி. காகிதம் அறுத்த காயம் ஆறுவதற்குள் அதே இடத்தை இன்னொரு காகிதம் அறுத்துவிடும். நடுவிரலின் முதல் கணுவில் பேனா அழுத்திக் காய்த்த மேடு. வளையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் அந்த விரல்கள் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவின. காலிக் கட்டம் எங்காவது தட்டுப்படுகிறதா என்று கண்ணுக்கு முன்னால் விரல் தேடியது.

"மிஸ் வெர்லீன், பெட்டி தயாரா? லைப்ரரில கொண்டு வைக்கணும்" என்று கதவில் தோளைச் சாய்த்துக் கேட்டார் ஓடெல் டிஸ்டேல். பதினாலாம் எண் பள்ளியின் கொதிகலன், பூட்டு, பனி, எலி நான்கும் அவர் பொறுப்பு.

"தயாரா இருந்தா நான் ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்கேன்? பூட்ஸைத் துடைச்சுட்டு உள்ள வா."

இருவரும் இதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிள்ளைகள் காதில் விழும் என்றால்தான் ஓடெலுக்கு அவர் 'மிஸ்'. ஓடெல் உள்ளே வந்து, காத்திருக்கும் நேரத்துக்கு மேஜை ஓரத்தில் இருந்த தாள்களில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். தீ ஒத்திகைப் பதிவேடு. மாதத்துக்கு ஒரு தாள். தேதி, மணி, வானிலை, கட்டடம் காலியாக எடுத்த நேரம், முதல்வரின் கையெழுத்து.

"வானம் தெளிவு. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். அடேயப்பா, என்னா வேகம்!" என்று படித்தவர் நிறுத்தினார். "வெர்லீன், பிப்ரவரி பதிமூணு திங்கள்கிழமைதானே?"

"ஆமா. ஏன்?"

"அன்னிக்குப் பள்ளிக்கூடமே கிடையாதே. பதினாலு அங்குலப் பனி. காலைல அஞ்சு மணிக்கு வந்து முன்வாசல்ல தள்ளிக்கிட்டு இருந்தேன். யாரு ஓடி வெளிய வந்தது? நானும் பனி தள்ளுற மெஷினும்தான். மெஷின் என்னைவிடக் கொஞ்சம் வேகம், அதான் மூணு நாப்பது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

வெர்லீன் கேஸ்கின் சிரிக்கவில்லை. எழுந்து சுவரில் தொங்கிய வருகை நாள்காட்டியைப் புரட்டினார். பிப்ரவரி பதின்மூன்றின் கட்டத்தில் சிவப்பு மையில் 'பனி விடுமுறை' என்று இருந்தது. அவர் கையெழுத்து. ஓடெல் பிடித்திருந்த தாளில் இருந்ததும் அதே கையெழுத்துதான்.

"அந்தத் தாளை அங்கயே வை" என்றார்.

ஓடெலின் சிரிப்பு அடங்கிவிட்டது. "நான் ஒண்ணும் பாக்கல" என்று தாளை மேஜையில் வைத்தார்.

"பாத்துட்ட. இனிமே பாக்கலன்னு சொல்லி என்ன பண்றது?"

இந்தப் பேச்சு நடந்தது திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலை மாநிலத் தலைநகர் டிரென்டனிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார்.

இருபத்துநான்கு ஆண்டுக்கு முன்பு மாநில அரசு வந்து கால்டர் நகரத்தின் பள்ளிகளைக் கையில் எடுத்துக்கொண்டது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழு அதற்குப் பிறகும் இருந்தது. மாதம் ஒருமுறை கூடியது, கையைத் தூக்கியது. ஆனால் மாநிலம் அனுப்பிய கண்காணிப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தூக்கிய கை தூக்கியபடியே நிற்க வேண்டியதுதான். பள்ளிகளைத் திரும்பப் பெற ஐந்து பிரிவுகளிலும் நூற்றுக்கு எண்பது வாங்க வேண்டும். நான்கு பிரிவுகளில் கால்டர் தேறிவிட்டது. ஐந்தாவது அன்றாட நடைமுறை, பாதுகாப்பு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மதிப்பீட்டில் போன முறை அதில் எழுபத்தெட்டு. இரண்டு மதிப்பெண்ணில் நகரம் தவறவிட்ட அன்று தேவாலயத்தில் பெரியவர்கள் அழுததை வெர்லீன் பார்த்திருக்கிறார். இந்த முறை இருபத்திரண்டு பள்ளிகளில் மூன்றைக் குலுக்கி எடுத்தார்கள். அதில் ஒன்று பதினாலாம் பள்ளி.

வெர்லீன் அங்கே அலுவலகச் செயலாளர். வயது ஐம்பத்தேழு. அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தார். வீட்டுக்கு வரும்போது காது மடலெல்லாம் நீலமாக இருக்கும். மகள் இதே பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவ வந்தவர். கழுவி முடித்த நேரத்தில் அலுவலகத்தின் பழைய தட்டச்சு இயந்திரத்தில் தானே விரல் பழகி, தேர்வு எழுதி, எழுத்தர் ஆனார். கோப்பு வேலையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மற்றப் பள்ளிகளின் எழுத்தர்கள் சந்தேகம் என்றால் அவருக்குத்தான் தொலைபேசுவார்கள். "கேஸ்கின் கோப்பு" என்றால் கால்டரில் ஒரு மரியாதை உண்டு.

அந்தத் தாள் எப்படி வந்தது என்று அவருக்கு விளங்காமல் இல்லை. மாநிலம் வந்த முதல் ஆண்டுகளில் மேற்பார்வையாளர்கள் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளோடு சுற்றுவார்கள். ஒரு காலிக் கட்டம், ஒரு மஞ்சள் ஒட்டு. ஒட்டு அதிகமானால் முதல்வருக்கு ஓலை வரும். ஆகவே காலிக் கட்டம் விடக்கூடாது என்று எல்லா அலுவலகங்களும் கற்றுக்கொண்டன. மாத முதல் தேதியில் நாள்காட்டியைப் பார்த்து ஒத்திகைத் தேதிகளை முன்கூட்டியே மையில் எழுதிவிடுவார்கள். கடைசித் தேதியன்று உட்கார்ந்து மீதிக் கட்டங்களை நிரப்புவார்கள். அதற்கு 'பக்கத்தை மூடுவது' என்று பெயர். இருபத்திரண்டு பள்ளிகளிலும் அதே பெயர்தான்.

பிப்ரவரி இருபத்தெட்டில் வெர்லீன் மூன்று மணிக்குள் பதினொரு பக்கம் மூடினார். ஒத்திகையின் நேரத்தைத் துணை முதல்வர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். பிப்ரவரிக்குச் சீட்டு வரவில்லை. சீட்டு தொலைவது புதிதில்லை. தொலைந்திருக்கும் என்று நினைத்து, ஜனவரியின் நேரத்தையே எழுதி, வானம் தெளிவு என்று போட்டு, கையெழுத்துக்குப் போகும் தாள் கட்டோடு வைத்தார். முதல்வர் பத்தோடு பதினொன்றாகக் கையெழுத்திட்டார். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே அப்போது எழவில்லை. இப்போது உறுத்தியது அதுதான்.

முதல்வர் டாக்டர் இலியானா பாயெஸ் தாளைக் கண்ணாடி போட்டும் படித்தார், கழற்றியும் படித்தார். முப்பத்தாறு வயது. டொமினிக்கன் குடும்பம், கால்டரிலேயே படித்து, கால்டருக்கே முதல்வராக வந்தவர்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஓடெலுக்கு. எனக்கு. இப்ப உங்களுக்கு."

"சரி. இது தனித் தாள்தானே, கட்டின புஸ்தகம் இல்லையே. புதுசா ஒண்ணு எடுங்க மிஸ் வெர்லீன். பதினஞ்சாம் தேதின்னு போடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பத்து நிமிஷ வேலை."

"பதினஞ்சாம் தேதியும் நடக்கல, டாக்டர்."

"பதினாறு?"

"அந்த மாசம் முழுக்கவே நடக்கல. பனி, அப்புறம் பாதிப் பேருக்குக் காய்ச்சல், அப்புறம் கணக்குப் பரீட்சை. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நீங்க சொன்னீங்க. உங்களைக் குறை சொல்லல. நானும் ஞாபகப்படுத்தல."

முதல்வர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கேளுங்க. இந்தப் பதிவேட்டுக்கு மட்டும் மூணு மார்க். மத்த ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் எல்லாம் சுத்தமா இருக்காம். தலைமை ஆஃபீஸ்ல கூட்டிப் பாத்திருக்காங்க, எண்பத்தொண்ணு வருது. மூணு போனா எழுபத்தெட்டு. திரும்ப அதே எழுபத்தெட்டு! மாநிலத்துக்காரங்க வந்தப்ப நான் ஆறாங்கிளாஸ். இப்ப என் பொண்ணு ஆறாங்கிளாஸ். ஒரு தாளுக்காக இன்னொரு மூணு வருஷமா?"

"எனக்கும் அதே கணக்குதான் மனசுல ஓடுது."

"அப்புறம் என்ன யோசனை?"

வெர்லீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவங்க எதுக்கு வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது, டாக்டர். நீங்க சின்னப் பொண்ணு. நான் அப்ப தலைமை ஆஃபீஸ்ல டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். மாசாமாசம் ஒவ்வொரு பள்ளிக்கூடத்து வருகைக் கணக்கையும் மேனேஜர் ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பார். தொண்ணூத்திநாலு சதவீதம், தொண்ணூத்தஞ்சு சதவீதம். பாதி பெஞ்ச் காலியாக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. அழகா அடிச்சுக் குடுப்பேன், ஒரு பிழை இருக்காது. ஒரு புதன்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பூட்டை மாத்துனாங்க. என் மேஜைல இருந்த தாளைத்தான் முதல்ல எடுத்தாங்க."

"அது நீங்க பண்ணினது இல்லையே."

"டைப் அடிச்சது நான்தானே."

டாக்டர் பாயெஸ் இழுப்பறையிலிருந்து அச்சிட்ட வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வெர்லீன் பக்கமாகத் தள்ளினார். "வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. கோபம் என்றால் வெர்லீனுக்குச் சமாளிக்கத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அண்ணன் வீட்டுக்குப் போனார். அலோன்சோ கேஸ்கின் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தேவாலயத்தில் போதகருக்கு உதவும் டீக்கன், பள்ளிக் குழுவில் பன்னிரண்டு ஆண்டாக உறுப்பினர். நான்கு தேர்தல் ஜெயித்தவர். முன்னறையில் செய்தித்தாளை விரித்து, வியாழக்கிழமைக் குழுக் கூட்டத்துக்கான கறுப்புச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. அடுப்புல பீன்ஸ் இருக்கு, போட்டுக்க."

ஐம்பத்தேழு வயதுப் பாப்பா பீன்ஸைத் தொடவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். அலோன்சோவின் பிரஷ் நடுவில் ஓரிடத்தில் நின்றது. பிறகு மெதுவாக ஓடியது.

"திருப்பி எழுதிடு" என்றார்.

"டீக்கன் கேஸ்கினா பேசறது?"

"டீக்கன் ஞாயித்துக்கிழமைதான் பேசுவான். இது செவ்வாய்க்கிழமை." சப்பாத்தைக் கீழே வைத்தார். "ஆறாம் நம்பர் பள்ளிக்கூடத்தை மூடினப்ப நீ ஹால்ல இருந்த. ஒன்பது பேர், ஒன்பது கை. மூடக்கூடாதுன்னு தூக்கினோம். மாநிலம் அனுப்பின அந்த மனுஷன் தலை நிமிந்துகூடப் பாக்கல. தாளைத் திருப்பினான், கையெழுத்துப் போட்டான், மூடிட்டான். மறுநாள் முடிவெட்டுற கடைல ஒருத்தன் கேட்டான், 'ஏன் மிஸ்டர் கேஸ்கின், அங்க போய் மாசாமாசம் அக்குள் காயவைக்கிறீங்களா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ண?"

"தெரியும்."

"ஒரு தடவை, பாப்பா. நான் தூக்குற கை கணக்குல சேரணும். ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் நான் தேர்தலுக்கே நிக்கல."

வெர்லீன் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "மார்ச்சுல நிஜமாவே ஒத்திகை நடந்துச்சு. நான் வகுப்புப் பட்டியலோட ரோட்டோரம் நிக்கறேன். ஒவ்வொரு வரிசையா வருது, பேரை அடிக்கறேன். இருநூத்திப் பதினொண்ணாம் அறை வரல. ஒண்ணாங்கிளாஸ், இருபத்துமூணு பிள்ளைங்க. நாலு நிமிஷம் ஆச்சு, அஞ்சு ஆச்சு. வடக்குப் படிக்கட்டுக் கதவு ஈரத்துல உப்பி இறுகிக்கிச்சாம். ஓடெல் ஓடிப்போய்த் தோளால இடிச்சுத் திறந்தான். பிள்ளைங்க கதவுக்குப் பின்னாடி வரிசையா, வாய்மேல விரலை வெச்சுக்கிட்டு நிக்குதுங்க. சத்தம் போடக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாளாம். ஆறு நிமிஷம் பத்து செகண்ட்."

"வெளிய வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டாங்க. அந்தக் கதவு எப்ப உப்புச்சுன்னு யாருக்கும் தெரியாது, அலோன்சோ. பிப்ரவரியில நடத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். நடத்தாமலேயே நான் மூணு நாப்பதுன்னு எழுதினேன்."

அலோன்சோ சன்னலைப் பார்த்தார். கீழே பேருந்து ஒன்று நின்று புறப்படும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கதவைச் சரி பண்ணியாச்சா?"

"அன்னிக்கே இழைச்சுட்டான்."

"அப்ப கதவு சரி. தாள் மட்டும்தான் பாக்கி. தாள் யாரையும் சுடாது." மறுபடி சப்பாத்தைக் கையில் எடுத்தார். "உன் இஷ்டம். நீ குடுத்துத்தான் ஆகணும்னா குடு. ஆனா வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட வர்றப்ப என்கிட்ட அதைப் பத்திப் பேசாத. என்னால முடியாது."

வெர்லீன் எழுந்தார். வாசல்வரை வருவது அண்ணனின் வழக்கம். அன்று வரவில்லை.

புதன்கிழமை காலை, பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும், மூன்றாண்டுத் தாள்களையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கொதிகலன் அறைக்கு இறங்கினார். எச்சரிக்கை மணியின் பலகை அங்கேதான் இருந்தது. ஒத்திகைக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் மணியை அடிக்க முடியும். சொல்லும் வேலை ஓடெலுடையது.

"உன் நோட்டைக் குடு."

"எந்த நோட்டு?"

"கொதிகலன் அழுத்தம் எழுதுவியே. ஸ்டேஷனுக்குப் போன் பண்றதையும் அதுலதானே குறிப்ப?"

"குறிக்காம? ஒரு தடவை மறந்து மூணு வண்டி சங்கு ஊதிக்கிட்டு வந்துச்சு. கேப்டன் என் பரம்பரையையே திட்டிட்டுப் போனார். அதுலேர்ந்து எழுதறேன்." எண்ணெய்க் கறை படிந்த மூன்று நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தவர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். "வெர்லீன், பாயெஸ் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினாங்க. பிப்ரவரித் தாள் ஒண்ணுதான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நீ என்ன, கிணறு வெட்டப் போறியா?"

"ஒரு தாள் தப்புன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? மத்ததெல்லாம் சரியான்னு கேப்பாங்க. எனக்கே தெரியாதே."

"தெரியாம இருக்கறதுல ஒரு சுகம் இருக்கு."

"அந்தச் சுகத்துலதான் இவ்வளவு நாள் இருந்தேன். குடு."

கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் ஓடெலின் நோட்டு, ஒரு பக்கம் தன் தாள் என்று வைத்துக்கொண்டு, தேதி தேதியாக விரலை ஓட்டினார். ஓடெலின் எழுத்து கோழி கிளறியது மாதிரி. 'போன் பண்ணேன், மணி அடிச்சாச்சு, குளிர், நாலு அஞ்சு.' 'போன் பண்ணேன், மழை, மிஸ் வெர்லீன் குடை தரல.' ஒவ்வொன்றும் அன்றன்றைக்கு எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தன் எழுத்து அச்சுப் போல இருந்தது. ஒரே மை, ஒரே சாய்வு, மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதியது.

கோடை விடுமுறை மாதங்கள் போக இதுவரை இருபத்தெட்டுத் தாள். மதிய மணி அடிக்கும்போது முடித்தார். இரண்டு ஒத்திகைகள் நடக்கவே இல்லை: இந்தப் பிப்ரவரி, இரண்டாண்டுக்கு முந்தைய ஒரு ஜனவரி. ஐந்து நடந்திருந்தன, ஆனால் நேரம் ஓடெலின் நோட்டில் வேறு, தாளில் வேறு. தாளில் அந்த ஐந்துமே நான்கு நிமிடத்துக்குள். நோட்டில் ஒன்றுகூட அப்படி இல்லை.

"ஏழு" என்றார்.

"ஏழுதானா? இருபத்தெட்டுல ஏழுதான்னா கால்டருக்கே நீதான் ராணி. மத்த ஸ்கூல்ல எண்ணவே முடியாது."

"இதுக்கு வேற பட்டம் கட்டறியா?"

ஓடெல் கையைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பையைத் திறந்து, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் பெட்டியின் மேல் வைத்தார். வெர்லீன் அதைச் சாப்பிட்டார். அன்று அவர் சாப்பிட்ட முதல் கவளம் அது.

பிற்பகல் முழுவதும் எழுதினார். பிழையை மறைக்கும் வெள்ளைத் திரவத்தைத் தொடவில்லை. தவறான எழுத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் சரியான விவரம், இன்றைய தேதி, தன் பெயரின் முதலெழுத்துகள். கோப்பின் முன்னால் வைக்க இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தட்டச்சு செய்தார். எந்தெந்தத் தேதி, எது நடக்கவில்லை, எதில் நேரம் மாறியிருக்கிறது, உண்மை எங்கே கிடைத்தது, காலிக் கட்டங்களை மாதக் கடைசியில் நிரப்பும் பழக்கம் எப்படி வந்தது. 'நிரப்பியது நான்' என்ற வரியை முதலில் 'அலுவலகத்தால் நிரப்பப்பட்டது' என்று அடித்திருந்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். வடக்குப் படிக்கட்டுக் கதவைப் பற்றி மூன்று வரி சேர்த்தார்.

மூன்றரை மணிக்கு அதை முதல்வர் மேஜையில் வைத்தார். டாக்டர் பாயெஸ் படித்து முடித்து, முதல் பக்கத்துக்குத் திரும்பி, மறுபடி படித்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏழா?"

"ஏழு."

"நான் ஒரு தாளை மறைக்கச் சொன்னேன். நீங்க ஏழைத் தோண்டிக் கொண்டுவந்து வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"இது போச்சுன்னா யாரால போச்சுன்னு ஊருக்கே தெரியும். உங்க பேரை நீங்களே அடிச்சு வெச்சிருக்கீங்க. நாளைக்குக் கடைல, சர்ச்ல, உங்களை யாரு முகம் குடுத்துப் பேசுவாங்க? உங்க அண்ணன் பேசுவாரா?"

வெர்லீன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நேத்தே வாசல் வரைக்கும் வரல" என்றார்.

 வெளியே பிள்ளைகள் பேருந்துக்கு வரிசையாகப் போகும் சத்தம். முதல்வர் பேனாவை எடுத்தார். தாளின் அடியில் தனக்கான கோட்டைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"என்னால இதுல கையெழுத்துப் போட முடியாது, மிஸ் வெர்லீன். எனக்கு வீட்டுக் கடன் இருக்கு, பொண்ணு இருக்கா. தைரியம் அவ்வளவுதான்."

"நான் கேக்கலையே."

"தடுக்கவும் மாட்டேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு மதிப்பீட்டாளர் அம்மா நம்ம லைப்ரரில உக்காந்து மூணு பள்ளிக்கூடக் கோப்பையும் பாப்பாங்க. பத்து மணி வரைக்கும் நான் மூணாவது மாடியில வகுப்புப் பாக்கப் போயிடுவேன்." தாள்களை ஒழுங்காக அடுக்கி, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை.

வியாழக்கிழமை. வெர்லீன் தேவாலயத்துக்குப் போடும் சாம்பல் நிற உடுப்பில் வந்திருந்தார். கட்டைவிரலில் புதுப் பிளாஸ்திரி. எட்டே முக்காலுக்குக் கோப்பை இன்னொரு முறை திறந்து, வளையங்கள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தார். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. உற்சாகமான குரல், எல்லாம் தயாரா, ஊரே காத்திருக்கிறது என்றது. "தயார்தான்" என்று மட்டும் சொல்லி வைத்தார். ரிசீவர் முதல் தடவை தாங்கியில் உட்காரவில்லை.

தாழ்வாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயருகே வரிசையில் நின்றார்கள். "குட்மார்னிங், மிஸ் கேஸ்கின்" என்று இழுத்துப் பாடினார்கள். அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். நூலகக் கதவருகே ஓடெல் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார். அங்கே கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"வேற வேலை இல்லையா உனக்கு?"

"இல்ல" என்றார் ஓடெல், கதவைத் திறந்து பிடித்தபடி. நோட்டுகள் மூன்றையும் வெர்லீன் கையிலிருந்த கோப்பின் மேல் வைத்தார். "கேட்டா இதையும் காட்டு. குடை மேட்டரை மட்டும் படிக்க வேணாம்னு சொல்லு."

மதிப்பீட்டாளர் மிஸஸ் கொனோவர் சின்னப் பிள்ளைகளின் தாழ்வான நாற்காலியில், முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நரைத்த முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. பக்கத்தில் மற்ற இரண்டு பள்ளிகளின் கோப்புகள், ஒரு தாள்கூட வெளியே நீட்டாமல்.

"பதினாலாம் பள்ளியா? முதல்வர் வரலையா?"

"வகுப்புப் பாக்கப் போயிருக்காங்க."

"நீங்க?"

"வெர்லீன் கேஸ்கின். ஆஃபீஸ் செயலாளர்." கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒத்திகைப் பதிவேட்டுக்கு முன்னாடி ஒரு குறிப்பு இருக்கு, மேடம். முதல்ல அதைப் படிக்கணும். அதைப் படிக்காம பின்னாடி போனா நான் உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும்."

மிஸஸ் கொனோவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அவரை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று வெர்லீனுக்குத் தெரியவில்லை.

"எத்தனை பக்கம்?"

"ரெண்டு. நானே டைப் அடிச்சது."

கோப்பு கனமாக இருந்தது. அதை மார்போடு அணைத்திருந்த கையை எடுக்க ஒரு நொடி பிடித்தது. எடுத்து, எழுத்து அந்த அம்மாளின் பக்கம் நேராக இருக்கும்படி திருப்பி, நோட்டுகளோடு நீட்டினார். மிஸஸ் கொனோவர் மற்ற இரண்டு கோப்புகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.